மச்சாள் தேடிய இரைச்சல்

"பரவாயில்லை" என்ற சொல் மச்சாளின் வாயிலிருந்து வந்து நான் கேட்டதில்லை. கறியில் உப்புக் கூடினால் "கூடிப்போச்சு" என்பாள், ஆக்கியது அவளே என்றாலும். பங்குச் சுவாமி பிரசங்கத்தை நீட்டிவிட்டு வாசலில் நின்று "எப்படி இருந்தது?" என்று ஒருநாள் கேட்டார். மற்றப் பெண்கள் முக்காட்டுக்குள் சிரித்துக்கொண்டு நழுவினார்கள். இவள் மட்டும் நின்று, "நீளம் சுவாமி. பாதியில நான் வேற யோசினைக்குப் போயிட்டன்" என்றாள். திமிர் பிடித்தவள் என்று எங்கள் ஊர் கண்டக்குழி முழுக்கக் கதை. தொடக்கத்தில் எனக்கும் அப்படித்தான் பட்டது.

அவள் என் அண்ணனின் மனைவி. வயதில் எனக்கு ஒன்றிரண்டு மாதம் மூப்பு. சிலாபத்துப் பக்கம் பிறந்தவள். கலியாணத்துக்கு முன் கட்டுநாயக்காவில் ஒரு எலெக்ட்ரோனிக் பெக்டரியில் வேலை செய்தவள். இருபது பெண்கள் வரிசையாக இருந்து ஈயம் வைத்து அனுப்பும் சர்க்கிட் பலகைகள் கடைசியில் இவள் கைக்கு வரும். எதில் பிழை, எங்கே பிழை என்று இவள் கண்டுபிடிக்க வேண்டும். அந்த வேலைதான் அவளை அப்படி ஆக்கியதா, அப்படிப்பட்டவள் என்பதால்தான் அந்த வேலையைக் கொடுத்தார்களா, தெரியாது.

ஊரில் பழுதாகும் ரேடியோ, சார்ஜர், டோர்ச் எல்லாம் அவளிடம் வரும். திறப்பதற்கு முன் கேள்வி கேட்பாள். எப்போது தொடங்கியது, அதற்கு முதல்நாள் என்ன செய்தீர்கள், யார் கையில் இருந்தது. ஒருமுறை ஒரு பெரியவர் ரேடியோவைக் கொண்டுவந்து, தானாகவே நின்றுவிட்டது என்றார். மச்சாள் திறந்து பார்த்துவிட்டு, "இது விழுந்திருக்கு மாமா" என்றாள். அந்தோனியார் மேல் ஆணை, விழவில்லை என்றார் அவர். "அப்ப இவ்வளவு மணல் எப்பிடி உள்ளுக்கு வந்தது?" என்று ரேடியோவைக் கவிழ்த்து மேசையில் கொட்டிக் காட்டினாள். கோபத்தில் கேட்கவில்லை, அறியத்தான் கேட்டாள். பெரியவர் அதற்குப் பிறகு அவளோடு கதைப்பதை நிறுத்திவிட்டார்.

அண்ணன் கடலில் போனது மேற்கிலிருந்து வீசும் கச்சான் காற்று தொடங்கிய நாட்களில். சண்டை முடிந்து, கடலுக்குப் போக நேவியிடம் பாஸ் எடுக்கும் தொல்லையெல்லாம் தீர்ந்து, விரும்பிய தூரம் போகலாம் என்று வந்த காலம். மற்றவர்கள் நிற்கும் இடத்தைத் தாண்டிப் போய்த்தான் அண்ணன் வலை போடுவான். அன்றைக்கு முதல்நாள் பின்னேரம் மச்சாளுக்கும் அவனுக்கும் வாய்த்தர்க்கம். காற்று சரியில்லை, போகவேண்டாம் என்று இவள். நீயா எனக்குக் கடல் காட்டுகிறாய் என்று அவன். சோற்றைத் தொடாமல் படுத்தவன், விடிய எழும்பி வெறும் வயிற்றோடு தனியாகப் போனான். ஐந்தாம் நாள் மன்னார்ப் பக்கம் போட் மட்டும் கவிழ்ந்து கிடந்தது. அதில் எஞ்சினும் இல்லை, அண்ணனும் இல்லை.

கடலுக்குப் போகிறவனோடு வாய் வளர்க்கக் கூடாது, பட்டினியாக அனுப்பக் கூடாது என்பது எங்கள் கரையில் குழந்தைக்கும் தெரியும். அம்மா அழுது ஓய்ந்த கையோடு சொன்னார், "அவளிட வாய்தான் என்ர புள்ளயக் கொண்டு போனது." ஊர் அதைப் பிடித்துக்கொண்டது. கேட்டவர்களுக்கு மச்சாள் மறுப்புச் சொல்லவும் இல்லை. "ஓம், சண்டை பிடிச்சனான். அவர் சாப்பிடேல்ல" என்றாள். நடந்ததைத்தான் சொன்னாள். கொன்றதையே ஒத்துக்கொண்டாள் என்று ஊர் எடுத்துக்கொண்டது.

விடிய போட்டுகள் இறங்கும் நேரம் அவள் வாசலுக்கு வரக்கூடாது என்று அம்மா சொல்லிவிட்டார். நாலு வருடம் அவள் கதவைச் சாத்திக்கொண்டு, கடைசிப் போட் போகும்வரை உள்ளே இருந்தாள். கிணறு எங்கள் வளவில். அவள் அள்ளி வைத்த தண்ணீரை அம்மா ஊற்றிவிட்டு வேறு அள்ளுவார். இரண்டு வீட்டுக்கும் நடுவே ஒரு கிடுகு வேலிதான்.

இதையெல்லாம் பார்த்துக்கொண்டு நான் வாயை மூடிக்கொண்டிருந்தேன். எனக்கு ஒன்று தெரியும், அதனால்தான். அண்ணன் போவதற்கு இரண்டு நாள் முன்னர் அந்த எஞ்சினை ஓட்டியது நான். வேகம் கூட்டினால் உள்ளே கடகடவென்று ஒரு சத்தம். அண்ணனிடம் சொன்னால், கழற்றிக் கற்பிட்டிக்குத் திருத்தக் கொண்டுபோ என்பான். சிலாபத்தில் ஒரு கலியாண வீட்டில் கிற்றார் வாசிக்க எனக்கு அழைப்பு இருந்தது, அது போய்விடும். மூடிதான் ஆடுகிறது என்று எனக்கு நானே சொல்லிக்கொண்டு, தேய்ந்த இறப்பர் செருப்பு ஒன்றை வெட்டி மூடியின் இடுக்கில் செருகினேன். சத்தம் அமந்துவிட்டது. அண்ணன் போன அன்றைக்கு நான் கலியாண வீட்டில் புதுமாப்பிள்ளையை ஆடவைத்துக்கொண்டிருந்தேன்.

அந்த வருடமே தலவிலக் கோயில் பெருநாளுக்குப் போய், என்னைத் தெரியாத ஒரு சுவாமியிடம் பாவசங்கீர்த்தனம் செய்தேன். சொல்லவேண்டியவர்களிடம் போய்ச் சொல் என்றார், செபமாலை ஒன்றும் சொல்லச் சொன்னார். செபமாலையை அங்கேயே முழங்காலில் நின்று சொல்லி முடித்தேன். மற்றது அப்படியே நின்றுவிட்டது. கோழைப் பயல் என்று என்னை நீங்கள் ஏசலாம். நானே நிறைய ஏசியிருக்கிறேன்.

நாலாம் வருடத் தவக்காலத்தில் அண்ணாவியார் என்னைத் தேடி வந்தார். எங்கள் ஊரில் பெரிய வெள்ளியன்று பொழுதுபட, கோயில் முற்றத்தில் திருப்பாடுகளின் நாடகம் போடுவோம். பழக்குகிறவர் அவர். ஆண்டவர் சிலுவையில் உயிர்விட்டதும் ஒரு நிமிடம் ஒரு சத்தமும் இருக்கக்கூடாது. அதன்பிறகு இடி. இடிக்கு எப்போதும் தகரத்தைத்தான் அடிப்பார்கள். "தகரம் அடிச்சா தகரம் மாதிரித்தான் கேக்குது. உன்ர கிற்றாரால ஒரு இடி தரேலுமா?" என்றார்.

கிற்றாரின் சத்தத்தை உடைத்துக் கர்ச்சனையாக்கும் பெடல் ஒன்றை நான் போனில் பார்த்திருந்தேன். காலால் மிதித்தால் போதும். அதைச் செய்யும் வீடியோவை மச்சாளிடம் காட்டினேன். மூன்று தரம் பார்த்தாள். "ரெண்டு ட்ரான்சிஸ்டர், கொஞ்சச் சாமான். செய்யலாம்" என்றாள். பழைய ரேடியோவிலிருந்து கழற்றிய ட்ரான்சிஸ்டர்களை வைத்து, பிளாஸ்டிக் சாப்பாட்டுப் பெட்டி ஒன்றுக்குள் ஒரே கிழமையில் செய்து தந்தாள். சில இடங்களில் ஈயம் வைக்க என்னையும் விட்டாள்.

இடி வந்தது. நாய்கள் எழும்பி ஓடின. ஆனால் நான் கையை எடுத்த பிறகும் ஸ்பீக்கர் ஓயவில்லை. அடியில் ஒரு 'ம்ம்ம்' என்ற இரைச்சல், மேலே ஒரு சீறல், இடைக்கிடை ஒரு வெடிப்பு. ஒத்திகையில் ஆண்டவர் தலை சாய்த்த அந்த ஒரு நிமிடத்தில் அது மட்டும்தான் கேட்டது. "ஆண்டவர் செத்த நேரம் ஃப்ரிட்ஜ் இரையுது. இதுக்குத் தகரமே போதும்" என்றார் அண்ணாவியார்.

மச்சாள் பெடலை வாங்கிக்கொண்டு போனாள். நான் கடலால் வந்து குளித்துச் சாப்பிட்டுவிட்டு, பின்னேரங்களில் அவள் வீட்டு மேசைக்குப் பக்கத்தில் போய் இருப்பேன். அவள் வேலை செய்த விதத்தைச் சொல்ல வேண்டும். ஒரு நேரத்தில் ஒன்றைத்தான் மாற்றுவாள். கிற்றார் வயரைக் கழற்றினாள். இரைச்சல் அப்படியே இருந்தது. "அப்ப கிற்றார் இல்ல." கரண்ட் அடெப்டரைக் கழற்றிவிட்டுப் பற்றரியை வைத்தாள். இரைச்சல் பாதியாகக் குறைந்தது. "பாதி கரண்டில இருந்து வருது. மத்தப் பாதி?" ஒவ்வொன்றுக்கும் பிறகு கண்ணை மூடிக் கேட்பாள். அந்த நேரம் நான் மூச்சுவிட்டாலும் கையைக் காட்டுவாள்.

எனக்கோ பொறுமை இல்லை. "மச்சாள், டோனைக் குறைச்சா ஆருக்கும் கேக்காது. இல்லாட்டி ஒரு கெப்பாசிட்டரப் போட்டு அமத்தி விடுங்க" என்றேன்.

அவள் நிமிரவில்லை. "அமத்தினா சத்தம் போகாது மச்சான். எங்களுக்குக் கேக்காம இருக்கும், அவ்வளவுதான்."

சாதாரணமாகத்தான் சொன்னாள். அன்றைக்குத் தேத்தண்ணியைப் பாதியில் வைத்துவிட்டு வந்தேன். இனிப் போகக்கூடாது என்று நினைத்தேன். அடுத்தநாள் பின்னேரம் திரும்பவும் போனேன். ஏன் போனேன் என்று இன்றைக்கும் சொல்லத் தெரியாது.

ஒரு நீள வயரின் ஒரு நுனியை அம்ப்ளிபயரில் கொடுத்து, மறுநுனியால் பெடலுக்குள் தொடக்கத்திலிருந்து ஒவ்வொரு இடமாகத் தொட்டுக்கொண்டு போனாள். இந்த இடத்தில் சுத்தம், இந்த இடத்திலும் சுத்தம், இங்கே வந்ததும் இரைகிறது. சத்தம் பிறக்கிற இடம் அப்படி அகப்பட்டது. உள்ளே வரும் வயரும் வெளியே போகும் வயரும் உரசிக்கொண்டு கிடந்தன. உள்ளே வருவதைக் கழற்றிவிட்டு, மேலே உறை பின்னிய பழைய டிவி அன்ரெனா வயரைப் போட்டாள். எர்த் வயர்களெல்லாம் ஆளுக்கொரு திக்கில் ஒட்டியிருந்தன. எல்லாவற்றையும் ஒரே இடத்தில் சேர்த்தாள். இரைச்சல் நின்றது. மிஞ்சியது அந்த வெடிப்புத்தான்.

அதைப் பிடிக்க மூன்று நாள் எடுத்தது. ஈர்க்கில் ஒன்றால் ஒவ்வொரு ஈயப் பொட்டையும் மெல்லத் தட்டிக்கொண்டு வந்தாள். ஒன்றைத் தொட்டதும் ஸ்பீக்கர் படீரென்றது. பூதக்கண்ணாடியை வைத்துப் பார்த்தாள். "மேலுக்கு ஈயம் இருக்கு. கம்பியோட பிடிக்கேல்ல. இது ஆர் வச்சது?"

"நான்" என்றேன்.

"சரி" என்று சொல்லி ஈயக்கோலைச் சூடாக்க வைத்தாள். ஏசவில்லை. முகத்தையும் சுளிக்கவில்லை. யார் வைத்தது என்று அவளுக்குத் தெரிய வேண்டியிருந்தது, தெரிந்துவிட்டது, அவ்வளவே. நாலு வருடமாக எனக்குத் தொண்டையில் நின்ற சொல் அது. இவ்வளவு சின்னச் சொல்லா என்று எனக்கே வெட்கமாக இருந்தது. அதை ஒருக்கால் சொன்ன வாய் பிறகு நிற்கவில்லை. "மச்சாள், அண்ணன்ர எஞ்சினிலயும் ஒரு சத்தம் இருந்தது" என்றேன். செருப்பு வெட்டியதுவரை சொல்லி முடித்தேன்.

அவள் ஈயக்கோலின் பிளக்கைக் கழற்றினாள். அடிப்பாள் என்று நினைத்தேன். அடித்திருந்தால் நல்லாயிருந்திருக்கும். அவள் கேள்வி கேட்கத் தொடங்கினாள்.

"வேகம் கூட்டினா மட்டுமா, மெதுவா ஓடினாலுமா?"

"கூட்டினா மட்டும்."

"எஞ்சினக் குளிராக்கிற தண்ணி ஒழுங்கா வெளிய வந்ததா?"

"நான் பாக்கேல்ல."

"செருப்பு வச்ச பிறகு திரும்ப ஓட்டிப் பாத்தீங்களா?"

"கரையில வச்சு ஸ்டார்ட் பண்ணிப் பாத்தனான். கடலுக்குக் கொண்டு போகேல்ல."

இப்படி எவ்வளவு நேரம் போனதோ. அவள் குரல் ஒரே மட்டத்தில் இருந்தது. கைதான் மேசை விளிம்பை விடவில்லை. கடைசியில் சொன்னாள், "அந்தச் சத்தத்தாலதான் எண்டு சொல்லேலாது. எஞ்சின் இல்லாம ஆராலயும் சொல்லேலாது. ஆனா அது அவருக்குக் கேட்டிருக்கோணும் மச்சான். கேட்டிருந்தா அண்டைக்கு அவர் போயிருக்க மாட்டார். எவ்வளவு கோவத்திலயும் எஞ்சினோட விளையாடமாட்டார். அது எனக்குத் தெரியும்."

"நான் இப்ப என்ன செய்ய?"

"மாமிட்டச் சொல்லுங்க. இப்பவே."

வேலியைத் தாண்டிப் போனோம். அம்மா மீன் வெட்டிக்கொண்டிருந்தார். மச்சாள் எங்கள் வாசற்படிக்கு வெளியே நின்றாள். நான் அம்மாவுக்கு முன்னால் குந்தி இருந்து இரண்டாம் முறை அதே கதையைச் சொன்னேன். அம்மா கத்தியைக் கீழே வைக்கவில்லை. வெட்டிய துண்டையே திரும்பத் திரும்ப வெட்டினார். பிறகு, "இத வெளியில சொல்லாத. எனக்கு மிஞ்சினது நீ ஒராள்தான்" என்றார்.

அதற்குப் பிறகுதான் வாசலைப் பார்த்தார். நாலு வருடத்தில் முதல் தடவையாக அவளோடு கதைத்தார். "புள்ள, நீ தாங்குவாய். இவ்வளவு நாளும் தாங்கினாய்தானே. அவன் தாங்கமாட்டான்."

"தாங்குவன் மாமி" என்றாள் மச்சாள். "ஆனா அது பிழை."

சொல்லிவிட்டுத் தன் வீட்டுக்குப் போனாள். அடுத்தநாள் பெடல் என் கைக்கு வந்தது. பிளாஸ்டிக்கை விட்டுப் பிஸ்கட் தகர ரின் ஒன்றுக்குள் மாற்றியிருந்தாள். காதை ஸ்பீக்கரோடு வைத்தால் மிக மெல்லிய ஒரு சீறல் மட்டும் இருந்தது. "இது ட்ரான்சிஸ்டர்ட சொந்தச் சத்தம். எடுக்கேலாது" என்றாள். ஊருக்குச் சொல்லு என்று அவள் என்னைக் கேட்கவில்லை. கேட்டிருந்தால் மறுக்க ஒரு காரணம் தேடியிருப்பேன்.

பெரிய வெள்ளி வந்தது. முற்றம் நிறையச் சனம். அம்மா முன்வரிசையில், மச்சாள் வழக்கம்போல் மதிலுக்கு வெளியே வேப்பமரத்தடியில். ஆண்டவர் தலை சாய்த்தார். ஒரு குழந்தைகூட அழவில்லை. கடல் இரைந்தது தவிர ஒன்றும் கேட்கவில்லை. நான் எண்ணி அறுபதுக்கு வந்து, பெடலை மிதித்துக் கம்பிகளை அறைந்தேன். பெண்கள் மார்பில் அடித்துக்கொண்டார்கள். அண்ணாவியார் அழுதார்.

எங்கள் நாடகத்துக்கு ஒரு வழக்கம் உண்டு. முடிந்ததும் ஆடியவர், பாடியவர், வாத்தியக்காரர் எல்லோரும் சனத்துக்கு முன் முழங்காலில் நின்று, அறிந்தும் அறியாமலும் செய்த பிழை பொறுக்கச் சொல்லிக் கேட்பார்கள். அண்ணாவியார் மைக்கில் கேட்பார், மற்றவர்கள் தலை குனிந்திருப்பார்கள். அவர் முடித்ததும் நான் கையை நீட்டினேன். நன்றி சொல்லப் போகிறேன் என்று நினைத்து மைக்கைத் தந்தார்.

"அண்ணன் மச்சாளால சாகேல்ல" என்று தொடங்கினேன். முழுவதும் சொன்னேன். எவ்வளவு அழகாகச் சொன்னேன் என்றெல்லாம் கேட்காதீர்கள். மூக்கு ஒழுக, திக்கித் திக்கிச் சொன்னேன். நான் சொல்லி முடிக்க முன்னமே அம்மா எழும்பிப் போய்விட்டார். வேப்பமரத்தடியில் யாரோ ஒரு பெண் மச்சாளின் கையைப் பிடித்திருந்தாள். மச்சாள் என்னைப் பார்க்கவில்லை. நிலத்தைப் பார்த்துக்கொண்டு நின்றாள்.

உயிர்ப்பு ஞாயிறு பூசை முடிய, அம்மா தன் பாயைச் சுருட்டி எடுத்துக்கொண்டு வேலியைத் தாண்டினார். "எனக்கு இஞ்ச ஒரு பாய் விரிக்க இடம் தருவியா?" என்று மச்சாளிடம் கேட்டது எனக்குக் கேட்டது.

"இடம் இருக்கு மாமி. எனக்குக் கோவமும் இருக்கு."

"இருக்கட்டும்" என்றார் அம்மா.

அதற்குப் பிறகு போட்டுகள் இறங்கும் நேரம் மச்சாள் வாசலில் நின்று பல் தீட்டினாள். கரையில் போனவர்கள் தலையாட்டிவிட்டுப் போனார்கள். அம்மா ஆறு வருடம் அந்த வீட்டில் இருந்தார். அவள் அள்ளிய தண்ணீரைக் குடித்தார், அவள் ஆக்கியதைச் சாப்பிட்டார். என்னோடு ஒரு சொல் கதைக்கவில்லை. நான் வேலிக்கு இந்தப் பக்கம் நின்று "அம்மா" என்று கூப்பிடுவேன். உள்ளே எழும்பிப் போய்விடுவார். அண்ணனுக்காகவா, அவர் சொல்லை மீறியதற்காகவா, எனக்குத் தெரியவில்லை.

சிலாபம் ஆஸ்பத்திரியில்தான் அம்மா போனார். கடைசி மூன்று நாளும் மச்சாள் பக்கத்தில் இருந்தாள். நான் கடலில் நின்றேன். தகவல் கிடைத்துக் கரைக்கு வந்து, பஸ் பிடித்துப் போய்ச் சேர்ந்தபோது எல்லாம் முடிந்திருந்தது. வெளி விறாந்தையில் ஒரு நீள மர வாங்கில் மச்சாள் தனியாக இருந்தாள். அம்மாவின் செபமாலை அவள் மடியில் கிடந்தது.

"கடைசியா என்னப் பத்தி ஏதும் சொன்னாவா மச்சாள்?" என்று கேட்டேன்.

ஊரில் வேறு யாரைக் கேட்டிருந்தாலும், உன் பெயரைச் சொல்லித்தான் கண்ணை மூடினா என்றிருப்பார்கள். அது பாவமும் இல்லை. அந்த ஒரு பொய்யோடு மிச்சக் காலத்தை நான் ஓட்டியிருப்பேன்.

மச்சாள் என் முகத்தைப் பார்த்தாள். அவள் கண்ணில் தண்ணீர் நின்றது.

"இல்ல மச்சான்" என்றாள். "ஒண்டும் சொல்லேல்ல."

பிறகு கொஞ்சம் தள்ளி இருந்து, வாங்கில் எனக்கு இடம் விட்டாள்.